நேற்றுப் பிறந்த கலை நாளைக்கு நிற்குமா?

போன ஓணம் விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டிலிருந்து மலம்புழா அணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். பூங்காவில் யட்சி சிலைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். முப்பது அடி உயரம், உடம்பில் துணி கிடையாது, காலை அகட்டி உட்கார்ந்து, கைகளைக் கூந்தலுக்குள் விட்டு, மலையைப் பார்த்து முகத்தை நிமிர்த்தியிருக்கும் பெண்.

"மாமா, பேரூர்க் கோயில்ல இருக்கற சிலையெல்லாம் முந்நூறு வருசத்துக்கு மேல நிக்குது. இது அத்தன நாள் நிக்குமா? இப்ப வர்ற பாட்டு, படம், கட்டடம் எதாச்சும் நிக்குமா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் அம்மிணி" என்றேன். அன்று ராத்திரி திண்ணையில் அவளிடம் சொன்னதும், சொல்லாமல் விட்டு பிறகு யோசித்ததும் சேர்ந்ததுதான் இது. கலையைப் பற்றிப் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

"காலத்தை வென்று நிற்பது" என்று சொல்கிறோம் அல்லவா, அந்தச் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. காலம் ஏதோ சல்லடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவும், நல்லதை மேலே நிறுத்தி உமியைக் கீழே தள்ளுவது போலவும் நினைத்துக்கொள்கிறோம். காலத்துக்கு அப்படிச் சலிக்கத் தெரியாது. அதனிடம் இருப்பது கறையான், மழை, தீ, உப்புக்காற்று, மறதி. இவை நல்லது கெட்டது பார்ப்பதில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையை ராஜராஜன் திறக்கச் செய்தபோது, தேவார ஏடுகளில் கறையான் தின்றது போக மிஞ்சியதுதான் நமக்குக் கிடைத்தது என்பது மரபு. தின்னப்பட்டவை மட்டமான பாடல்கள் என்று யார் சொல்ல முடியும்?

நம் பக்கத்திலிருந்தே இன்னொன்று. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி. டேனியல், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அதற்கு அடுத்து, 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' இருக்கிறது. எப்படி இருக்கிறது? கதையின் உரிமை யாருக்கு என்று வழக்கு வந்து படச்சுருள் முடங்கிவிட்டது. அந்தக் கதையைப் புத்தகமாக வெளியிட்டவர்கள் வசம் பல ஆண்டுகள் கிடந்த அதைப் பின்னாளில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டது. ஊர் ஊராக ஓடியிருந்தால் அதுவும் தேய்ந்து போயிருக்கும். வழக்கில் தோற்ற படம் காலத்திடம் தப்பித்தது.

இதிலிருந்து, புதிதாக யோசிக்கத் தொடங்குபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் வருகிறது. பழையதெல்லாம் உயர்வாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், மிஞ்சியதை மட்டும் நாம் பார்ப்பது. தமிழில் ஆரம்பகாலப் பேசும்படங்களில் ஒரே படத்தில் நாற்பது ஐம்பது பாட்டு இருந்ததுண்டு. அவற்றில் இன்று நம் வாயில் வருபவை எத்தனை? விரல் விட்டு எண்ணலாம். ஆனால் "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா" என்று பேசும்போது, அந்த விரல்விட்டு எண்ணும் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு வெளியாகும் எல்லாப் பாட்டோடும் எடை போடுகிறோம். ஒரு தட்டில் பொறுக்கியெடுத்த நெல், இன்னொரு தட்டில் களத்துமேட்டுக் குவியல். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பழையது என்று நாம் கும்பிடுவதில் பலவும் வந்த அன்றைக்கு வம்புக்காரப் புதுசாக இருந்தவை. யட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கானாயி குஞ்ஞிராமன் 1969இல் அதை முடித்தபோது எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. குடும்பத்தோடு வரும் இடத்தில் இப்படியொரு சிலையா என்று கேட்டார்கள். 2019இல் அதே சிலைக்குப் பொன்விழா கொண்டாடினார்கள். இன்று அங்கே தாத்தா பாட்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இல்லை. பாரிஸில் ஐஃபல் கோபுரம் எழும்பும்போது, 1887இல், ஊரின் பெரிய எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூட்டாகக் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்குத்தான் அனுமதி. அதன் உச்சி கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் பிழைத்தது. கர்நாடக சங்கீத மேடையில் வயலின் இல்லாத கச்சேரியை இன்று யோசிக்க முடியுமா? அது முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வாத்தியம். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடியும் இன்றைய கச்சேரி வரிசையே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழியாக நிலைபெற்றது. ஏறத்தாழ நூறு வயதே ஆன ஒரு 'பழமை'.

எதிர்ப்பு மெல்ல மெல்லக் கரைந்து எல்லாரும் ஏற்றுக்கொள்வதுதான் வழக்கம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ரவிவர்மாவைப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கொண்டாட்டம். அவருடைய அச்சுப் படங்கள் வீட்டுக்கு வீடு பூஜை அலமாரியில் ஏறின. அவர் 1906இல் மறைந்த பிறகு, வெள்ளைக்காரன் பாணியைப் பார்த்துப் போட்டவர் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் ஒரு தலைமுறை. 1979இல் அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்து, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை போட்டது அரசு. ஒரே ஓவியம், மூன்று தீர்ப்பு. நான்காவது எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காலத்தின் தேர்வில் தேறிவிட்டது என்று எந்தப் படைப்புக்கும் கடைசிச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

அப்படியானால் ஒன்று நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் புரிந்த வரையில், ஒரு தலைமுறை அதைக் கையில் எடுத்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கிறது என்று அர்த்தம். அதற்கு இரண்டு வேண்டும். கொடுக்கிறவருக்கு அதை விட மனசு வரக்கூடாது. வாங்குகிறவரால் அதைத் தூக்க முடிய வேண்டும், அதாவது பாட முடிய வேண்டும், பழுது பார்க்க முடிய வேண்டும், புழங்க முடிய வேண்டும். கோயில்களை நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வைத்ததே, கூரையில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கவும் ஒழுகும் இடத்தை அடைக்கவும் ஊரைக் கட்டாயமாகக் கூட்டுகிற ஏற்பாடு. கல்பாத்தித் தேரில் முதல் தச்சர் செதுக்கிய மரம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? தேர் நிற்கிறது, மரம் மாறுகிறது. ஜப்பானில் ஈசே என்னும் கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டிவிடுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். அந்தக் கோயிலின் வயது என்ன என்று கேட்டால் ஆயிரத்துக்கு மேல் என்பதும் சரி, பத்துச் சொச்சம் என்பதும் சரி.

பாட்டுக்கு வருவோம். நான் ரொம்ப நேசிக்கும் உதாரணம் ஒன்று எல்லைப்புறத்திலேயே பிறந்தது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 1891இல் 'மனோன்மணீயம்' என்ற செய்யுள் நாடகத்தை வெளியிட்டார். மேடையில் நடிக்க எழுதியதில்லை, படிப்பதற்கு எழுதியது. இன்று அதை முழுதாகப் படித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அதன் தொடக்கத்தில் இருந்த ஒரு வணக்கப் பாடல், 'நீராருங் கடலுடுத்த', கோடிக்கணக்கான பேருக்கு மனப்பாடம். 1970இல் தமிழ்நாடு அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்டது. மூலத்தில் இருந்த சில வரிகளை விட்டுவிட்டார்கள். மோகன ராகத்தில் மெட்டுப் போட்டவர் எம்.எஸ். விஸ்வநாதன், எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் எலப்புள்ளியில் பிறந்தவர்.

இதில் என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகத்திலிருந்து ஒரு துண்டு கழன்று வந்தது. அதைக் கொஞ்சம் வெட்டினார்கள். சினிமாவுக்கு மெட்டுப் போடுகிற ஒருவர் அதற்குக் குழந்தைகள் வாய்க்கு அடங்கும் ராகத்தில் மெட்டுக் கொடுத்தார். பிறகு தினமும் காலையில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நின்று பாடினார்கள். நவீன இசை நிற்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் பாட்டுதான். அதன் இசைக்கு அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனால் பாடுகிற வாய்கள் இருக்கும் வரை அதற்குப் பயமில்லை. எம்.எஸ்.வி. மெட்டமைத்த சினிமாப் பாட்டுகளில் எவை இன்னும் நூறு ஆண்டு வரும் என்று என்னால் சொல்ல முடியாது. இது வரும்.

கச்சேரி இசையில் இதற்கு நேர் எதிரான கதை எம்.டி. ராமநாதனுடையது. பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவில் 1923இல் பிறந்து 1984இல் மறைந்தார். தணிந்த, கனத்த குரல். ரொம்பவும் விளம்ப காலத்தில், ஆற அமர, ஒவ்வொரு சுரத்தையும் தடவிப் பார்த்துப் பாடுவார். ரொம்ப மெதுவாக இருக்கிறது என்பதுதான் அவர் காலத்தில் பலர் சொன்ன குறை. அவரைப் போலப் பாடுவது கஷ்டம், அதனால் சீடர் பரம்பரை வழியாக மட்டும் அது வந்திருக்காது. பதிவுகள் காப்பாற்றின. அவர் இருந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் இன்று செல்போனில் அவரைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள். அக்கா மகளுக்கு அன்று அவருடைய ஒரு கீர்த்தனையைப் போட்டேன். முதல் சில நிமிடங்கள் நெளிந்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒலிப்பதிவு வந்ததால் இனி எதுவும் அழியாது என்று தோன்றலாம். அதை நம்பாதீர்கள். ஒலிநாடாவின் காந்தப்பூச்சு உதிரும், பூஞ்சணம் பிடிக்கும். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுகிற எந்திரம் கிடைக்காது. உங்கள் வீட்டு அலமாரியில் கேசட் இருந்தால் இப்போதே மாற்றி வையுங்கள்.

ஓவியத்தில் பொருளின் கதை இன்னும் சுவாரசியமானது. பழைய கேரளச் சுவரோவியங்களில் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் காவி மண். காவி என்பது இரும்பின் துருதான். அது ஏற்கெனவே காற்றோடு சேர்ந்து முடிந்துபோன பொருள். வெயில் அடித்தாலும் மாறுவதற்கு அதனிடம் மிச்சம் ஒன்றுமில்லை. மார்க் ராத்கோ என்ற அமெரிக்க ஓவியர் 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஐந்து பெரிய ஓவியங்கள் கொடுத்தார். அவர் கலந்தவற்றில் ஒரு சிவப்பு, ஆலையில் செய்த வேதிச் சாயம். வெயில் கொட்டும் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். ரத்தச் சிவப்பும் ஊதாவுமாக இருந்தவை இருபது ஆண்டுக்குள் வெளிறிப்போய், 1979 வாக்கில் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். 2014இல் ஓவியத்தைத் தொடாமல், ஒவ்வொரு புள்ளியிலும் எந்த நிறம் குறைகிறதோ அந்த நிற ஒளியை மட்டும் அதன்மேல் பாய்ச்சி, பழைய தோற்றத்தைக் காட்டினார்கள். விளக்கை அணைத்தால் வெளிறிய துணி. நவீன ஓவியம் நிற்காது என்று சொல்பவர்கள் பல நேரம் அதன் கருத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நிஜமான ஆபத்து பெரும்பாலும் சாயத்தில் இருக்கிறது.

பொருள் நிற்க வேண்டும் என்று எல்லாக் கலையும் கேட்பதுமில்லை. நம் வீட்டு வாசல் கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டுவிடும். கேரளத்தில் களமெழுத்து என்று உண்டு. அரிசிமாவு, மஞ்சள்பொடி, கரி, இலைப்பொடி கொண்டு தரையில் மணிக்கணக்காகப் பகவதியை வரைவார்கள். சடங்கு முடிவில் அந்தக் களத்தை அழித்துவிடுவார்கள். படம் ஒரு ராத்திரிக்கு, வரையும் கை தலைமுறைகளுக்கு. 2012இல் கொச்சியில் தொடங்கிய முசிறிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் கயிறும் மணலும் ஒளியும் வைத்து அமைத்த படைப்புகளைப் பார்த்து "இது எத்தனை நாளைக்கு" என்று கேட்பவர்கள், அதே கேள்வியைக் கோலத்திடம் கேட்டதில்லை.

கட்டடத்தில்தான் இந்தக் கேள்வி நிஜமாகவே கடினமாகிறது, ஏனென்றால் அதைச் செல்போனில் பதிந்து வைக்க முடியாது.

கல் கோயில், கல்லின் மேல் கல்லாகக் கனம் ஏற்றி நிற்கிறது. கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால்தான் விரிசல் விடும். அதனால் பழையவர்கள் தூண்களை நெருக்கி வைத்து, இழுவையைக் குறைத்துக் கட்டினார்கள். கான்கிரீட் இந்தக் குறையைக் கம்பியால் தீர்த்தது. அழுத்தத்தைக் கான்கிரீட்டும் இழுவையைக் கம்பியும் பகிர்ந்துகொள்வதால்தான் தூண் இல்லாமல் நீண்ட தளம் போட முடிகிறது. நவீன கட்டடக்கலையின் அழகில் பெரும்பங்கு இந்தக் கூட்டணியால் வந்தது. அதன் நோயும் அங்கேதான் இருக்கிறது. புது சிமெண்டில் காரம் அதிகம். அந்தக் காரம் கம்பிமேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே ஊறிக் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பியைத் தொட்டதும் காப்பு போய்விடும். ஈரம் பட்டால் துரு. துரு, இரும்பைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். வெளியே இடமில்லாததால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். சீலிங்கிலிருந்து சில்லுசில்லாகப் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். சுவரோவியத்தை ஆண்டாண்டுக்கும் காத்த அதே துரு, கட்டடத்தை ஐம்பது அறுபது ஆண்டில் உடைக்கிறது. யட்சியும் கான்கிரீட்தான். அவள் அணைக்கட்டின் ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பூச்சும் பராமரிப்பும் விட்டுப்போனால் பேரூர்ச் சிலையின் வயது அவளுக்கு வராது என்பதை அக்கா மகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஆனால் பெரும்பாலான நவீன கட்டடங்கள் துருவால் சாவதற்கு முன்பே மனிதர்களால் சாகின்றன. தில்லி பிரகதி மைதானத்தில் 1972இல் ராஜ் ரேவல் வடிவமைத்த தேசங்களின் அரங்கம் என்ற கண்காட்சிக் கூடம் இருந்தது. கட்டுமானப் பொறியாளர் மகேந்திர ராஜ். இரும்பில் செய்ய வேண்டிய முப்பரிமாணச் சட்டகத்தை, இரும்பு விலை கட்டுப்படியாகாததால், தொழிலாளர்கள் கையால் கான்கிரீட்டில் வார்த்தெடுத்தார்கள். உலகத்தில் அந்த அளவில் அப்படியொன்று அதற்கு முன் இல்லை. 2017 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். அறுபது வயது ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலுக்குப் பரிசீலிக்க முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். நாற்பத்தைந்து வயதில் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை. பழையதாவதற்கு முன் இடித்துவிட்டால், அது காலத்தைத் தாங்குமா தாங்காதா என்று எப்படித் தெரியும்?

நம் பக்கத்து நவீனக் கட்டடங்களில் நான் நம்புவது லாரி பேக்கரை. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, கேரளத்துக்காரராகவே 2007இல் மறைந்தவர். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் இரண்டையும் போய்ப் பாருங்கள். காபி ஹவுஸில் வட்டமாக ஏறிக்கொண்டே போகும் சரிவில் வரிசையாக மேசைகள். வடையைக் கையில் வைத்துக்கொண்டே கட்டடக்கலையின் பாடம் கேட்கலாம். எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறையை அவர் பரப்பினார். செங்கலைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து நடுவில் பொள்ளல் விட்டுக் கட்டுவது. கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. இதையெல்லாம் உள்ளூர்க் கொத்தனாரே செய்வார், உள்ளூர்க் கொத்தனாரே பழுதும் பார்ப்பார். பூசாத செங்கல் மழையில் பாசி பிடிக்கும், அந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அவர் கட்டிய சுவர் ஒன்று போனாலும், அந்த முறை தெரிந்த கை பக்கத்து ஊரில் இன்னொரு சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்.

"அப்ப, பழைய வீடுதான் ஒசத்தி, அதுதான் நிக்கும்னு சொல்றீங்களா மாமா?" என்றாள் கடைசியில்.

எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது. முன்பக்கம் தாத்தா காலத்துக் கூடம்: மண்சுவர், பனைமரச் சட்டம், நாட்டு ஓடு. பின்பக்கம் அப்பா 1988இல் போட்ட தளம். தளத்தின் சன்ஷேடில் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்து மூன்று ஆண்டாகிறது. போன மாசிமாதம் கொத்தனார் வந்தார். பெயர்ந்ததைத் தட்டியெடுத்தார், கம்பியைத் துலக்கி மருந்து அடித்தார், இரண்டு நாளில் பூசி முடித்தார். இன்னும் பல காலத்துக்குக் கவலையில்லை.

தாத்தாவின் கூடத்துக்கு ஆண்டுதோறும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். உடைந்ததை எடுத்து, பூனை நகர்த்தியதைச் சேர்த்து வைத்து, மேய்ந்து விட வேண்டும். ஏறத் தெரியாதவர் ஏறினால் ஒரு காலடிக்கு நாலு ஓடு உடையும். எங்களுக்கு அதைச் செய்துகொண்டிருந்த பெரியவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். அவர் மகன் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லாரி ஓட்டுகிறார். நாட்டு ஓடு சுடும் சூளையும் பக்கத்தில் இல்லை. வடகிழக்கு மூலையில் சட்டம் ஒன்று நனைந்து உளுத்திருக்கிறது. இப்போதைக்கு அந்த இடத்தில் தகரம் போட்டு வைத்திருக்கிறோம்.